சட்டமன்றத்தில் ஒரு பள்ளி ஆசிரியர்: ராவ்பகதூர் எம். சி. ராஜா அவர்களின் வாழ்வும் தொண்டும்

நமது கல்விக் கழகம் இருபத்தைந்தாண்டுப் பணியை நிறைவு செய்து வெள்ளிவிழாக் கொண்டாடும் இந்நன்னாளில், கழகத்தின் இளைஞர்களுக்கு முன்னோர் ஒருவரின் வரலாற்றை எடுத்துரைக்குமாறு நிர்வாகப் பெருமக்கள் என்னைப் பணித்தனர். சட்டமன்றத்தில் நம் மக்களின் உரிமைக் குரலை எழுப்பிய முன்னோடிகளுள் ஒருவரும், அதற்கு முன் பள்ளி ஆசிரியராய்க் கரும்பலகையின் முன் நின்றவருமாகிய ராவ்பகதூர் எம். சி. ராஜா அவர்களையே நான் தேர்ந்துகொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கிராமப் பள்ளியொன்றில் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று என் கைக்குக் கிடைத்தது. அட்டை கிழிந்து, ஓரம் செல்லரித்துப்போன ஏடு அது. 1920ஆம் ஆண்டையொட்டிய பக்கங்களில் நம் குழந்தைகளின் பெயருக்கு எதிரே, சாதி என்னும் கட்டத்தில், 'பறையன்' என்றும் 'பஞ்சமன்' என்றும் எழுதப்பட்டிருந்தது. சில பக்கங்கள் கடந்ததும் அவ்விரு சொற்களும் மறைந்து, 'ஆதி திராவிடர்' என்னும் சொல் வரத் தொடங்கிற்று. எழுதிய கை ஒன்றே, சேரியும் ஒன்றே, சொல் மட்டும் மாறியிருந்தது. அச்சொல்லை மாற்றியவர் யார், எவ்வாறு மாற்றினார் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

மயிலை சின்னத்தம்பி ராஜா அவர்கள் 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். நம்மவர் பள்ளித் திண்ணையை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது. பாடநூல்கள் எழுதினார்; ஆர். ரங்கநாயகி அம்மையாருடன் இணைந்து குழந்தைகளுக்கான பாடல் நூலொன்றும் வெளியிட்டார். 1916இல் ஆதி திராவிட மகாசன சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். அதுமுதல் அவருடைய வகுப்பறை விரிந்தது. ஒரு சமுதாயமே அவருக்கு மாணவனாயிற்று.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் நடைபெற்ற தேர்தலுக்குப் பின் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் நீதிக்கட்சியைச் சார்ந்தவராக ராஜா அவர்கள் இடம்பெற்றார். 1921ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கன்னாட் கோமகனார் அம்மன்றத்தைத் தொடங்கிவைத்தார். நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களும் வணிகப் பெருமக்களும் நிறைந்திருந்த அம்மன்றத்தில் நம்மவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. வாக்கெடுப்பில் வெல்லும் எண்ணிக்கை அவர்களுக்கு இல்லை. வாதத்தால் மட்டுமே வெல்ல இயலும் என்பதை ராஜா அவர்கள் உணர்ந்திருந்தார்.

1922ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அவர் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். அரசு ஆவணங்களிலிருந்து 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களை நீக்கித் தமிழ் மாவட்டங்களில் 'ஆதி திராவிடர்' என்றும், தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதி ஆந்திரர்' என்றும் வழங்கவேண்டும் என்பதே அத்தீர்மானம். மன்றம் அதனை ஏற்றது. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் அரசாணை எண் 817 பிறந்தது. கோட்டையில் பிறந்த அவ்வாணையே ஒரு கிராமப் பள்ளியின் பதிவேடுவரை நடந்து வந்தது.

'பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா?' என்று இக்கால இளைஞர் சிலர் கேட்கலாம். அக்காலத்திலும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டு, இழிவாய்க் கருதப்பட்ட சொல்லையே தலைநிமிர்வுக்கு உரியதாக்க முனைந்தார். ராஜா அவர்கள் வேறு வழியைத் தேர்ந்தார். நாள்தோறும் வருகைப் பதிவேட்டைக் கையாளும் ஆசிரியருக்கு, ஒரு சொல் ஒரு குழந்தையை எவ்வாறு குனியவைக்கும் என்பது தெரியும். 'ஆதி' என்னும் முன்னொட்டு நம்மை வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து எழுப்பி, இம்மண்ணின் முதற்குடி என்று கூறிற்று. இருவர் வழியும் ஒரே ஊருக்குச் சென்ற இரு பாதைகள் என்றே நான் கருதுகிறேன்.

1924இல் சீனிவாசன் அவர்கள் அதே மன்றத்தில், பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் எவ்வகுப்பினரும் தடையின்றி நடக்கலாம், பொதுக் கிணறுகளையும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பெயரின் விடுதலையும் தெருவின் விடுதலையும் இரண்டாண்டு இடைவெளியில் வந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கட்சியைவிடத் தம் மக்களே பெரிது என்பது ராஜா அவர்களின் கொள்கை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலகம் மூண்டு நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்களோ நம்மவர்மீதும், நம்மவர்க்கு அரசு காட்டிய ஆதரவின்மீதும் குறை கூறினர். பதவிகளிலும் உரிய பங்கு கிட்டவில்லை. 1923இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார். 1925இல் நம் மக்களின் நிலையை உலகறிய ஆங்கில நூலொன்று எழுதினார். 1926இல் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சங்கத்தின் தலைவரானார். 1927 முதல் பத்தாண்டுக் காலம் தில்லி மத்திய சட்டசபையில் உறுப்பினராயிருந்தார்.

வரலாறு எழுதுவோர் புகழை மட்டும் எழுதிச் செல்லுதல் முறையன்று. 1932ஆம் ஆண்டில் ராஜா அவர்கள் மேற்கொண்ட நிலை இன்றும் விவாதத்திற்குரியது. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தனித்தொகுதியே வேண்டும் என்று வட்டமேசை மாநாட்டில் போராடியபோது, ராஜா அவர்கள் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, தனியிடங்களுடன் கூடிய கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. அதில் அம்பேத்கர் அவர்களோடு ராஜா, சீனிவாசன் ஆகியோரும் ஒப்பமிட்டனர். மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் கிடைத்தன. அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30. ஆயினும் அவ்விடங்களுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு நம் கையில் மட்டும் இல்லாது போயிற்று. அதன் விளைவை ராஜா அவர்களே பின்னர்க் கண்ணாரக் கண்டார்.

1937இல் கூர்மா வெங்கடரெட்டி நாயுடு அவர்களின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா அவர்கள் வளர்ச்சித்துறை அமைச்சராகச் சில திங்கள் பணியாற்றினார். அதன்பின் இராஜாஜி தலைமையில் காங்கிரசு ஆட்சி வந்தது. 1938இல் ராஜா அவர்கள் முன்னின்ற முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. சாலை, கிணறு, ஊர்தி, உணவகம், கடை முதலிய பொது இடங்களில் தீண்டாமை பாராட்டுவதைக் குற்றமாக்கிய முன்னோடிச் சட்டம் அது. ஆனால் அவ்வாண்டே அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை அரசு ஆதரிக்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனிச்சட்டம் போதும், மசோதாவைத் திரும்பப் பெறுக என்று கூறப்பட்டது. அவர் பெறவில்லை. காந்தியடிகளுக்கு எழுதினார், இராஜாஜியை நம்புக என்பதே மறுமொழி. மசோதா தோற்றது. தனித்தொகுதியில் வென்ற நம்மவரும் கட்சிக் கட்டளைக்கு அடங்கி நின்றதை அவர் அன்று நேரிற் கண்டார்.

தவறென்று கண்டதை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, முன்பு எதிரெதிர் நின்ற அம்பேத்கர் அவர்களும் ராஜா அவர்களும் ஒருங்கே சென்று நம் மக்களின் கோரிக்கையை எடுத்துரைத்தனர். மறு ஆண்டு, 1943இல், ராஜா அவர்கள் மறைந்தார். 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அவர் விதைத்தவை விளைந்ததைக் காண அவர் இல்லை.

இளைஞர்களே! மீண்டும் அப்பழைய பதிவேட்டுக்கு வருகிறேன். சாதி என்னும் கட்டத்தைக் கண்டு மகிழ்ந்த நான், அதே வரிசையின் இறுதிக் கட்டத்தைக் கண்டு வருந்தினேன். பள்ளியை விட்டு நீங்கிய நாளைக் குறிக்கும் கட்டம் அது. 'ஆதி திராவிடர்' என்று எழுதப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. மாடு மேய்க்கவும், கடனுக்குப் பண்ணையில் நிற்கவும் போயிருப்பர். ஓர் அரசாணை சொல்லை மாற்ற வல்லது. குழந்தையின் கையைப் பிடித்துப் பத்தாம் வகுப்புவரை நடத்திச் செல்ல வல்லதன்று. அதற்கு ஊர்தோறும் ஆட்கள் வேண்டும், கழகங்கள் வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் செய்துவருவது அப்பணியே. சட்டமன்றத்திற்குச் செல்லும் வாய்ப்பு நம்முள் சிலருக்கே கிட்டும். ஆனால் நம் தெருவில் பள்ளிக்கு வராத குழந்தை யார் என்று கேட்டறியும் வாய்ப்பு உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு குழந்தையையேனும் பள்ளிக்கு அழைத்து வந்து, இடையில் நிற்காமல் காப்பாராக. அக்குழந்தையின் பெயர் பதிவேட்டின் இறுதிக் கட்டம்வரை தேர்ச்சியோடு செல்லுமாயின், அதுவே ஆசிரியர் ராஜா அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!