ஆடி மருதாணியும் கல்யாணக் கோனும்

ஆடி மாதத்தில் சங்கரன்கோவிலில் கல்யாணம் கிடையாது, மருதாணி உண்டு. ஆடியில் கை சிவக்க வைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் அது கோமதி அம்மன் தபசையொட்டி நடக்கும். சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காணத் தவமிருந்தவள் அம்மன். அந்தக் காட்சியைப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாது என்பாள் ஆச்சி.

மணப்பெண் என்றாலே முழங்கை வரை மெஹந்தி என்று ஆகிவிட்ட காலத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கல்யாண வீடுகளுக்கு மெஹந்தி போடப் போகிறவள் நான். ஆனாலும் என் ஆச்சியின் கல்யாணத்தில் இந்த வேலைக்கு இடமே இருந்திருக்காது. அவளுக்குக் கிடைத்த சிவப்பு, நலங்கின் சிவப்பு. மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் வருகிற நிறத்தைப் பாதத்தைச் சுற்றி விரலால் கோடாக இழுத்தார்களாம், அவ்வளவுதான். அதற்கும் வெகு முன்னால் செம்பஞ்சுக் குழம்பு இருந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஒப்பனை செய்துகொள்ளும்போது அவள் அடிகளுக்கு ஊட்டுவது அதைத்தான். இரண்டுமே மேலே பூசுகிற நிறம், கழுவக் கழுவப் போய்விடும். மருதாணியோ தோலுக்குள் இறங்கிவிடும். தோல் உதிரும்போதுதான் அதுவும் போகும்.

வீட்டு மருதாணியில் கலைக்கு வேலை குறைவு, பொறுமைக்குத்தான் வேலை. புழக்கடைச் செடியில் இலையை உருவி, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிகிற வீடும் உண்டு, டீத்தூள் தண்ணீர் விடுகிற வீடும் உண்டு. விரல் நுனிகளுக்குத் தொப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் புள்ளிகள். பரதநாட்டியம் ஆடுகிறவர்களின் கையில் இன்றும் இதே வட்டத்தையும் தொப்பியையும் பார்க்கலாம், அங்கே ஆல்தா என்கிற சிவப்புச் சாயம். "ஏட்டி, கையை மடக்காத" என்று ஆச்சி பாதி ராத்திரியிலும் அதட்டுவாள். காலையில் பாய், தலையணை, கன்னம் எல்லாம் சிவந்திருக்கும். நன்றாகச் சிவந்தால் பித்த உடம்பு என்பார்கள். வேறு சில வீடுகளில் புருஷன் ஆசையாக இருப்பான் என்பார்கள். எங்கள் தெருவில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள்.

பக்கத்துப் புளியங்குடி, கடையநல்லூர் முஸ்லிம் வீடுகளில் கதை வேறு. அங்கே கல்யாணத்துக்கும் மருதாணிக்கும் உறவு பழையது. மலையைத் தாண்டி மலபாருக்குப் போனால் மைலாஞ்சிக்கென்றே, அதாவது மருதாணிக்கென்றே, ஒரு ராத்திரி, அதற்கென்றே பாட்டுகள். அவர்களிடம் நான் பொறாமைப்படுகிற ஒரு பழைய முறை உண்டு. பலாப் பிசினைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, அதை உருக்கி உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாக வைப்பார்கள். அதன்மேல் அரைத்த இலையை அப்பிவிடுவார்கள். காய்ந்தபின் பிசினை உரித்தால் அந்த இடங்கள் மட்டும் சிவக்காமல் பூவாக நிற்கும். சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாதே, அதே சூட்சுமம். கோடே இழுக்காமல் டிசைன் வந்துவிடுகிறது.

கோடு இழுக்கிற ஆசை எங்களுக்கும் இருந்தது, கருவிதான் இல்லை. தீக்குச்சியும் ஈர்க்குச்சியும் வைத்து முயன்றோம். அம்மியில் அரைத்ததில் நரம்பும் திப்பியும் இருக்கும், கோடு பிசிறடிக்கும். காயவைத்த இலையைப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்த பிறகுதான் நூல் மாதிரிக் கோடு சாத்தியமாயிற்று. எலுமிச்சைச் சாறு இலையிலுள்ள சாயத்தை மெதுவாக வெளியே விடும், சர்க்கரை விழுதை இழுபட வைக்கும், யூகலிப்டஸ் தைலமோ கிராம்புத் தைலமோ நிறத்தைக் கூட்டும். இதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி அடைத்தால் கோன். தொண்ணூறுகளில் கேபிள் டிவி வழியாக இந்திப் படக் கல்யாணங்கள் வீட்டுக்குள் வந்தன. 1995இல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' வந்தபின், கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுகிற மணப்பெண் எல்லோருக்கும் தெரிந்த படமாகிவிட்டாள்.

இங்கத்துப் பெண்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சினிமா மட்டுமில்லை, வாசல். சிக்குக் கோலம் போட்ட கைக்கு, எந்த வேகத்தில் எவ்வளவு மாவு விழ வேண்டும் என்று தெரியும். கோனை அழுத்துவதும் அந்தக் கணக்குதான். என்னிடம் கற்க வருகிறவளை முதலில் வாசலில் கோலம் போடச் சொல்லிப் பார்ப்பேன். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று வருகிறவர்கள் பெரும்பாலும் தேறுவதில்லை. அரபி டிசைனை, அதாவது பெரிய பூவும் சாய்ந்து ஏறுகிற கொடியும் நிறைய வெற்றிடமும் உள்ள முறையை, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு கடையநல்லூர்ப் பெண்தான் எனக்குக் காட்டினாள். வெற்றிடம் விடத் தைரியம் வேண்டும். ராஜஸ்தான் பாணியில் நிரப்பிக்கொண்டே போகலாம்.

நிரப்பினாலும் கல்யாணக் கை சுலபமில்லை. கையும் காலும் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். இடது கையில் தொடங்குவேன், வலது கையால் அவள் ஒரு வாய் சாப்பிட வேண்டுமே. மாங்காய், மயில், வலை எல்லாம் வடக்கத்தி. கோபுரம், நாதஸ்வரம், குலைதள்ளிய வாழை என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கத் தொடங்கியது பிறகுதான். காய்ந்ததும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, கல்லில் சுட்ட கிராம்பின் புகையில் கையைக் காட்டச் சொல்வேன். உதிர்த்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஓரிரு நாளில்தான் கறுத்துச் சிவக்கும். பத்து நிமிடத்தில் கரியாகப் பிடிக்கிற கோன் வேண்டுமென்று கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். தலைச்சாயத்தில் போடுகிற பாரா-பினைலீன்டையமினை அப்படிப்பட்ட கறுப்புக் கோன்களில் கலக்கிறார்கள். அது கொப்புளம் கிளப்பும், தழும்பும் விடும்.

தலைக்கு வைக்கிற மல்லியும் பிச்சியும் எங்கள் ஊர்ப் பூச்சந்தையிலேயே கிடைக்கிறது. கைக்கு வைக்கிற பொடி மட்டும் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத்திலிருந்து வருகிறது. மழை குறைந்த அந்த மண்ணில் விளையும் இலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மருதாணியைச் சேர்த்தபோது விண்ணப்பித்தவை அரபு நாடுகள். இந்தியா அதில் இல்லை. இங்கே ஆடியும் ஆச்சியும் இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று இருந்துவிட்டார்களோ என்னவோ.

இப்போது எனக்குள்ள தகராறெல்லாம் நலங்கோடுதான். நேற்று வரைந்த கையில் இன்று மஞ்சள் தேய்க்காதீர்கள் என்றால் பெரியவர்கள் முறைப்பார்கள். முகத்துக்கும் தோளுக்கும் மஞ்சள், கைக்குத் தேங்காய் எண்ணெய் என்று பேசி முடிப்போம். காப்புக் கட்டுவதற்காக மணிக்கட்டில் ஒரு விரல் அகலம் விட்டுத்தான் வரைகிறேன். அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று போட்டோக்காரர் கேட்பார், ஐயர் கேட்பதில்லை.