குமிழிக்குள் தப்பிப்போன வாயு

கடலை வறுக்கிறவர் வாணலியில் எதுக்கு மணலைப் போடுகிறார்? வெறும் சட்டியில் போட்டால் தொடுகிற இடம் மட்டும் கருகும். சூடான மணல் கடலையை எல்லாப் பக்கமும் சூழ்ந்து சீராகச் சூடேற்றும். துகள்கள் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும். இன்றைய பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் முக்கியமான ஒரு பகுதி இந்தக் குணத்தை நம்பித்தான் ஓடுகிறது.

1942 மே மாதம் அமெரிக்காவின் லூசியானாவில், பேட்டன் ரூஜ் நகரில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் புதிய ஆலை இயங்கத் தொடங்கியது. போர்க்காலம், விமானப் பெட்ரோலுக்குப் பெரிய தேவை. எம்ஐடி பேராசிரியர்கள் வாரன் லூயிஸ், எட்வின் கில்லிலாண்ட் இருவரின் ஆய்வு இதற்கு வழி காட்டியிருந்தது. நுண்ணிய பொடிக்கு அடியிலிருந்து சரியான வேகத்தில் வாயுவை ஊதினால், பொடி தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளும். கொதிக்கும், குழாயில் ஓடும்.

ஓடுகிற பொடிதான் வினையூக்கி. கனமான எண்ணெய் அதன்மேல் பட்டு உடைந்து பெட்ரோலாகும். உடையும்போது வெப்பத்தை உறிஞ்சும், பொடிமேல் கரியும் படியும். அந்தப் பொடியை இன்னொரு கலத்துக்கு அனுப்பி, காற்றை ஊதிக் கரியை எரிப்பார்கள். இன்றைய ஆலைகளில் அங்கே சுமார் 700 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். சூடேறிய பொடி திரும்பி வந்து அடுத்த எண்ணெயை உடைக்கும். கழிவுதான் எரிபொருள், பொடிதான் அதைச் சுமக்கும் வண்டி.

இந்த வெற்றியைப் பார்த்து, இதே முறையில் இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் செய்ய டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் ஹைட்ரோகோல் என்ற ஆலையைக் கட்டினார்கள். சிறிய சோதனைக் கலத்தில் நன்றாக வேலை செய்த முறை, பெரிய கலத்தில் எதிர்பார்த்த அளவு பெட்ரோலைத் தரவில்லை. 1950-களிலேயே ஆலையை மூடிவிட்டார்கள். எரிவாயு விலை ஏறியதும் ஒரு காரணம்தான். ஆனா பொறியாளர்கள் இன்றும் பேசுகிற காரணம் வேறு: குமிழி.

கொதிக்கும் பொடியில் வாயு குமிழிகளாக மேலேறும். குறுகிய குழாயில் குமிழி ஓரளவுக்கு மேல் பெருக்க முடியாது. அகலமான கலத்தில் பெருத்துக்கொண்டே போகும். பெரிய குமிழி வேகமாக ஏறும், உள்ளே இருக்கும் வாயுவில் பெரும்பகுதி பொடியைத் தொடாமலே வெளியேறிவிடும். தொடவில்லை என்றால் வினையும் இல்லை. குமிழி எப்படி நகர்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜின் டேவிட்சனும் ஹாரிசனும் 1963-ல் ஒரு புத்தகமாக எழுதினார்கள்.

சரி, ஆலையைக் கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிட முடியாதா? இங்கேதான் கணினி வருகிறது. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஆண்டர்சனும் ஜாக்சனும் 1967-ல் எழுதிய சமன்பாடுகள், வாயு, துகள் கூட்டம் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும் இரண்டு பாய்மங்களாகப் பார்க்கின்றன. இன்னொரு வழி, ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடர்வது. ஜப்பானில் சுஜியும் சகாக்களும் 1993-ல் அப்படிச் செய்தபோது அவர்களிடம் இருந்தவை 2,400 துகள்கள். நிஜத்தைவிட மிருதுவான துகள்களாக வைத்துக்கொண்டார்கள். கெட்டியான துகள் மோதும் நேரம் மிகக் குறைவு, அதைப் பிடிக்கக் காலப்படியை மிகச் சின்னதாக்க வேண்டும், கணக்கு முடியவே முடியாது. என்னைப் போல நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் உடனே புரியும்.

வெப்பத்துக்கு வேறொரு கணக்கு. 1952-ல் ரேன்ஸும் மார்ஷலும் தனியாகத் தொங்கவிட்ட துளிகள் ஆவியாவதை அளந்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். வாயு ஒரு துகளுக்கு எவ்வளவு வேகமாக வெப்பம் தரும் என்பதற்கு இன்றும் பல நிரல்களில் அந்தச் சூத்திரம் ஓடுகிறது. இதில் கவனம் தேவை, ஏனென்றால் வினையின் வேகம் வெப்பநிலையோடு அடுக்கடுக்காக ஏறும். சின்னத் தவறும் பெரிதாகிவிடும்.

இனி நிஜ அளவைப் பாருங்கள். வினையூக்கித் துகள் ஒன்று சுமார் 70 மைக்ரான். பாதி நிரம்பிய ஒரு கன மீட்டரில் சுமார் 2.8 லட்சம் கோடி துகள்கள். தனித்தனியாகப் பின்தொடர்வது நடக்காத காரியம். இரண்டு பாய்ம முறைக்குப் போனால், இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டம் பத்துத் துகள் அகலம் என்றாலும், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 290 கோடி கட்டங்கள். ஆலையின் கலமோ பல மீட்டர் உயரம். அதனால் கட்டத்தைப் பெரிதாக்குகிறார்கள்.

பெரிதாக்கியதும் பழைய சிக்கல் உள்ளே நுழைகிறது. கட்டத்துக்குள் துகள்கள் சீராகப் பரவியிருப்பதாகவும், வாயு எல்லாத் துகளையும் தொடுவதாகவும் நிரல் எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேரும், வாயு இடைவெளியில் நழுவிப் போகும். எனவே நிரல், வாயு துகள்களை இழுக்கும் விசையையும் வினை வேகத்தையும் கூட்டிச் சொல்லிவிடும். பிரவுன்ஸ்வில்லில் கலத்துக்குள் நடந்ததன் சின்ன வடிவம் இது.

இதைச் சரிசெய்யப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சங்கரன் சுந்தரேசனின் குழு, நுண்ணிய கட்டங்களில் கணக்கிட்டுக் கிடைத்த விடையிலிருந்து பெரிய கட்டங்களுக்கான திருத்தங்களை உருவாக்கியது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகத்தில் பிறந்த எம்ஃபிக்ஸ் என்ற நிரலின் மூலக்குறியீடு இன்று யாரும் இறக்கிப் படிக்கக் கிடைக்கிறது.

அடுத்த முறை இப்படியொரு வண்ணமயமான சிமுலேஷன் வீடியோவைப் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு கட்டம் எத்தனை துகள் அகலம்? அதற்குப் பதில் இல்லையென்றால், தப்பிப்போன வாயுவையும் சேர்த்துத்தான் விளைச்சல் கணக்கு எழுதியிருப்பார்கள்.