சுந்தர பாண்டியன் அப்பனைக் கொன்றானா?

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற வழியில பழையகாயல்னு ஒரு ஊர் வரும். சுத்தி உப்பளம். கடல் தள்ளிப் போய்விட்டது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதிய பெரிய துறைமுகம் இதுதான். ஓர்மூஸ், கிஷ், ஏடன் எல்லா இடத்துக் குதிரைக் கப்பலும் இங்கே வந்தது. பாண்டியர் வாரிசுச் சண்டையைப் பேச இங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

நமக்குத் தெரிஞ்ச கதை இது. மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்கு (பட்டம் 1268) ரெண்டு மகன்கள். சுந்தர பாண்டியன் முறையான மனைவிக்குப் பிறந்தவன். வீர பாண்டியன் அப்படியில்லை. அடுத்த பட்டம் வீரனுக்குன்னு அப்பா முடிவு செய்ய, 1310-ல் சுந்தரன் அப்பனையே கொன்றான்.

இதைச் சொன்னவர் வஸ்ஸாப். பாரசீகத்தில் மங்கோலிய அரசின் வரி அதிகாரி. அவ்வளவு தூரத்தில் இருந்தவருக்கு மதுரை அரண்மனைச் சேதி எப்படிப் போச்சு? குதிரை வழியாத்தான் என்பது என் ஊகம். கிஷ் தீவின் ஜமாலுத்தீன் பாண்டியனுக்கு வருஷம் 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒரு குதிரை 220 பொன் தினார் என்று எழுதுகிறவரும் இதே வஸ்ஸாப்தான். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் காயலில் பாண்டியனுடைய அதிகாரி. ஆக, இது வியாபாரிகள் சொன்ன சேதி.

வஸ்ஸாப் பொய் சொன்னார்னு நான் சொல்ல வரல. அண்ணன் தம்பி சண்டை நிஜம். 1311-ல் மாலிக் கபூர் படையெடுத்ததை எழுதிய அமீர் குஸ்ருவும் அதைச் சொல்கிறார். எனக்கு இடிக்கிறது காரணம்தான். பாண்டிய நாட்டில் ஒரே சமயத்தில் பல பேர் முடிசூடி ஆண்டார்கள். மார்க்கோ போலோவே 'அஞ்சு ராஜாக்கள், அஞ்சும் அண்ணன் தம்பி' என்கிறார். கல்வெட்டுகளில் வீரனின் ஆட்சியாண்டு 1297 வாக்கிலும் சுந்தரனுடையது 1303 வாக்கிலும் தொடங்குது. அப்பா உயிரோடு இருக்கும்போதே! பதிமூணு வருஷமா முடியோட இருக்கிறவனுக்கு 1310-ல் புதுசா என்ன பட்டம்?

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் நேர் எதிர்க் கதை. மூன்றாம் அலெக்சாண்டரின் மகன் இளவரசர் அலெக்சாண்டர் 1284-ல் செத்தார், ராஜா 1286-ல், மிச்சமிருந்த பேத்தி 1290-ல். வாரிசு இல்லாமல் 13 பேர் உரிமை கோர, தீர்ப்புச் சொல்ல வந்த இங்கிலாந்து ராஜா 1296-ல் படையோடு வந்தான். அங்கே சிம்மாசனம் ஒண்ணு. இங்கே முடி பல. அதனால சண்டை 'யாருக்கு முடி' என்பதில்லை, 'யார் தலைமை' என்பதுதான்னு எனக்குப் படுது. தலைமை யாருக்கோ காயலின் குதிரை வரவும், முத்துக் குளிப்பில் ராஜாவுக்குப் போகும் பத்தில் ஒரு பங்கும் அவருக்கு.

மார்க்கோ போலோ இன்னொன்றும் கேட்டு எழுதியிருக்கிறார். இந்தச் சகோதரர்கள் மோதப் போனால், தாய் நடுவில் வந்து, 'உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்குவேன்' என்பாளாம். அவள் போனதும் ஒருத்தரை ஒருத்தர் அழிச்சுக்குவாங்கன்னும் சேர்த்தே எழுதி வைத்தார்.