கணினிக்கு முகவரி வந்த வரலாறு

நேற்றுவரை உலகச் செய்திகளையெல்லாம் வீட்டுக்குள் கொணர்ந்து தந்த கணினி, இன்று திடீரென வாய்மூடி நின்றுவிடுகிறது. வலையமைப்பு முகவரி கிடைக்கவில்லை என்பதே திரையிலே தோன்றும் செய்தி. அதைக் கண்டதும் கருவி பழுதுற்றதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்வோர் பலர். பெரும்பாலும் கருவியிலே பழுதில்லை. தனக்கொரு முகவரி வேண்டுமென்று அது கேட்டிருக்கிறது, விடை கூறுவார் இல்லை, அவ்வளவே. அம்முகவரியை வழங்குபவர் யார், வழங்கும் வழக்கம் எவ்வாறு பிறந்தது என்பவற்றை அறிந்துகொண்டால், குறையைத் தீர்க்கும் வழியும் புலப்படும்.

1969 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி, கலிஃபோர்னியாவிலே இரு நிறுவனங்களின் கணினிகள் முதன்முதலாகச் செய்தி பரிமாறிக்கொண்டன. ஆர்பாநெட் எனப்பட்ட அவ்வலையமைப்பில் அவ்வாண்டு முடிவில் இருந்த நிலையங்கள் நான்கே. நால்வர் வாழும் தெருவிலே வீட்டிலக்கம் ஒரு சிக்கலன்று. எண்களை ஒதுக்கும் கணக்கை ஜோன் போஸ்டல் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் பேணி வந்தார். ஒதுக்கிய எண்ணை அந்தந்தக் கணினியின் பொறுப்பாளர் தம் கையாலேயே பதித்தார். 1981 இல் வகுக்கப்பட்ட முகவரி முறை 429 கோடி எண்களுக்கு இடமளித்தது. அக்காலத்தவர்க்கு அது வற்றாத கடலாகவே தோன்றியிருக்கும்.

கணினிகள் பெருகவே, கையால் எண் பதிக்கும் முறை தளர்ந்தது. ஒரே எண் இருவருக்குப் போய்ச் சேர்ந்தால் இருவரும் இடருற்றனர். 1984 இல் ஒரு வழி பிறந்தது. தொழிற்சாலையிலே தனக்கு இடப்பட்ட உடல் எண்ணை மட்டும் அறிந்த கணினி, அதைக் கூறித் தன் முகவரி யாதென்று வினவலாம் என்பது அது. 1985 இல் வந்த பூட்பி என்னும் நெறிமுறை அவ்வழியை மேலும் விரித்தது. எனினும், இன்ன கருவிக்கு இன்ன முகவரி என்னும் பட்டியலை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்த விருந்தாளிக்கு அங்கே இடமில்லை.

இக்குறையை நீக்கியது, 1993 இல் வெளியாகி 1997 இல் திருத்தமுற்ற டீ.எச்.சி.பி. என்னும் நெறிமுறையாகும். இதனை உருவாக்குவதில் முன்னின்றவர் அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றால்ஃப் டிறோம்ஸ். இங்கே முகவரி சொந்தமன்று, குத்தகை. கணினி விழித்தெழுந்ததும், முகவரி வழங்குவார் உளரோ என்று பொதுவிலே கூவுகிறது. வழங்கும் கருவி, இதோ ஒன்று என்று முன்வைக்கிறது. அதையே தருக என்கிறது கணினி. தந்தோம், இத்தனை மணி நேரத்துக்கு என்று உறுதி வருகிறது. நான்கே வார்த்தைகளில் உடன்படிக்கை முடிகிறது. தவணை முடியுமுன் கணினி அதைப் புதுப்பித்துக்கொள்ளும். நம் வீடுகளிலே இவ்வாறு வழங்குவது, விளக்குகள் மின்ன மூலையிலே இருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியாகும்.

இனி, குறைக்கு வருவோம். கூவிய கூவலுக்கு விடை வராதபோது, வின்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூடிக்கொள்கிறது. இவ்வழக்கம் 1998 இன் வின்டோஸ் பதிப்பிலே உண்டு. 2005 இல் பொது நெறியாகவும் எழுதப்பட்டது. அவ்வெண்ணைக் கொண்டு அடுத்திருக்கும் கணினியோடு பேசலாம். வெளியுலகை எட்ட இயலாது. ஆகவே அவ்வெண்ணைக் கண்டால், கேட்டேன், விடை கிடைக்கவில்லை என்று கணினி நம்மிடம் முறையிடுவதாகக் கொள்க.

அப்போது முதலிலே நோக்க வேண்டியது வீட்டிலுள்ள ஏனைய கருவிகளை. கைத்தொலைபேசிக்கும் முகவரி கிடைக்கவில்லையெனில் குறை ரவுட்டரிலே. அதை அணைத்துச் சிறிது பொறுத்து மீண்டும் ஏற்றுக. கணினி ஒன்றுக்கு மட்டுமே கிடைக்கவில்லையெனில், கம்பி தளர்ந்துள்ளதா என்று பார்த்து, பின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நோக்குக. முன்னொருவர் கையால் பதித்த பழைய எண் அங்கே கிடக்குமாயின், முகவரியைத் தானாகப் பெறுமாறு மாற்றுக. பழைய குத்தகையைக் கைவிட்டுப் புதியதைக் கேட்கும் கட்டளையும் உண்டு. இன்னுமொன்று: வீட்டு ரவுட்டரின் கையில் வழக்கமாக 253 முகவரிகளுக்கு மேல் இருப்பதில்லை. கருவிகள் பல கூடும் பாடசாலை போன்ற இடங்களிலே அவை தீர்ந்துபோய், பிந்தி வந்தவர் வெறுங்கையோடு நிற்பதுமுண்டு.

பிந்தி வந்தவர் வெறுங்கையோடு நிற்பது உலக அளவிலும் நிகழ்ந்ததே. மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் ஒன்றே தொடக்க காலத்தில் 1 கோடியே 67 இலட்சம் முகவரிகளைப் பெற்றிருந்தது. அவற்றுள் 80 இலட்சத்தை விற்கப்போவதாக 2017 இல் அறிவித்தது. நம் நாட்டின் அடையாளமாகிய எல்.கே. என்னும் பெயர் பதிவானது 1990 இலேதான். வணிக இணையச் சேவை தொடங்கியது 1995 இல். உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி பகிரப்பட்டுவிட்டன.

பஞ்சத்துக்குக் கண்ட பரிகாரம், வீடு முழுவதற்கும் வெளியே ஒரே முகவரி என்பது. உள்ளே வழங்கும் 192.168 என்று தொடங்கும் எண்கள் வாசலைத் தாண்டா. வருவதைப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. கம்பளைப் பகுதியாருக்கு இது புதிய ஏற்பாடன்று. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்த சிங்ஹாபிட்டிய இவ்வூரை அடுத்ததே. அக்காலந்தொட்டுப் பெருகிய தோட்டங்களிலே குடியேறிய நம்மவருக்கு, தோட்டத்தின் பெயரே முகவரியாயிற்று. லயத்துக்கு இலக்கமில்லை, கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும், அங்கிருந்து ஒருவர் பிரித்துக் கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து கைசேர்ந்தால் இழப்பு அவ்விளைஞனுக்கே. தனி முகவரி இல்லாத குடும்பங்கள் தோட்டங்களிலே இன்றும் உள்ளன.

கணினிகளுக்கு இக்குறை தீர வழி பிறந்துவிட்டது. 1990களில் வகுக்கப்பட்டு, 2012 ஜூன் 6 ஆம் திகதி உலகளவில் நிலையாகச் செயற்படத் தொடங்கிய ஆறாம் பதிப்பு முறையிலே, கருவி ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி தந்தாலும் தீராத அளவுக்கு எண்கள் உண்டு. இயந்திரத்துக்குத் தனி முகவரி தேடி உலகம் இத்தனை ஆண்டுகள் உழைத்தது. லயத்தில் வாழும் மனிதருக்கு ஒரு வீட்டிலக்கம் வழங்க அத்தனை அறிவு வேண்டியதில்லை. எண்ணம் ஒன்றே போதும்.