கூத்தர்கள் நடந்த மலைவழி



முதுகில் பையை மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஜவ்வாது மலையில் நடக்கப் போவதாக நம் பழைய பிள்ளைகள் சிலர் எழுதியிருந்தார்கள். "என்னென்ன எடுத்துப் போகணும் ஐயா?" என்று ஒரு கேள்வி வேறு. டார்ச், மருந்து, தண்ணீர் பாட்டில் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. அந்தப் பக்கத்து மலைகளில் கூட்டமாக, பல நாள், சுமையோடு நடந்தவர்களுக்குச் சங்க காலத்திலேயே ஒரு வழிக்குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். மலைபடுகடாம்தான் அது.

வகுப்பில் இதை எப்படிப் படித்தோம்? பத்துப்பாட்டில் பத்தாவது, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார், தலைவன் நன்னன் சேய் நன்னன், வேறு பெயர் கூத்தராற்றுப்படை. மதிப்பெண் வாங்க அது போதும். உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்துக் கையில் கொடுத்தும், நாம் வள்ளலின் புகழைப் படித்த அளவுக்கு அவனிடம் போகும் வழியைப் படிக்கவில்லை. பாட்டின் பெரும்பகுதி வழிதான்.

எந்த ஊர் வழி? நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம் என்கிறார்கள். பாட்டில் வரும் நவிரம் என்ற மலை இன்றைய பர்வதமலை. சேயாறு என்பது ஜவ்வாது மலையில் பிறந்து வரும் நம் செய்யாறு. அந்த வட்டாரத்துக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். பேருந்து ஜன்னலில் பார்த்தாலே பெயரின் பொருத்தம் தெரியும்.

இப்போது அந்தக் கூட்டத்தைப் பாருங்கள். முழவு, கொம்பு, குழல் என்று எல்லா வாத்தியங்களையும் பைகளில் கட்டி, இருபக்கமும் எடை சமமாக இருக்கும்படி சுமந்து வருகிறார்கள். பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல இருக்கிறதாம். சுமையை இருபக்கமும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று இன்றைய மலையேற்றக்காரர்கள் சொல்வதும் இதைத்தானே! பெண்களின் பாதம் கல்லில் உரசி நைந்து, ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போலச் சிவந்திருக்கிறது. கூட்டத்தில் குழந்தைகளும் உண்டு. செம்மறி ஆட்டின் தலை போலப் பரட்டைத் தலைப் பிள்ளைகள்!

எதிரே ஒரு கூத்தர் வருகிறார். ஏற்கெனவே நன்னனிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிறவர். வழி எவ்வளவு, எங்கே தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே ஆபத்து என்று, முதலில் பொருளடக்கம் போல ஒரு பட்டியல் தந்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

அவர் சொல்லும் ஆபத்துகளில் ஒன்றுகூட வெறும் பயமுறுத்தல் இல்லை. பன்றிக்காகப் பெரிய கல்லில் பொறி வைத்திருக்கிறார்கள், அதனால் விடிந்த பிறகு புறப்படுங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகள் உண்டு, பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போங்கள். நீரோரப் பாறையில் பாசி வழுக்கும், கொடியையும் சிறு மூங்கிலையும் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துக் கடந்து போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. செங்குத்துப் பாறையில் தேன்கூடு சக்கரம் போலத் தொங்கும். மயில் ஆடும். எதைக் கண்டாலும் நடக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள், வரிசையாகப் போகிறவர்கள் வழி தவறுவீர்கள் என்கிறார். செல்ஃபி எடுக்கும் தம்பிகள் கவனிக்கவும்.

இரவு தங்கல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். குறைந்தது மூன்று. மலையடிச் சிற்றூரில் ஓர் இரவு. இருட்டிவிட்டால் சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்து குகையில் ஓர் இரவு. காட்டில் ஆட்டிடையர்களோடு, தீயைத் துணையாக வைத்துக்கொண்டு ஓர் இரவு. விடிந்ததும் புறப்பாடு.

சாப்பாடு கையில் கொண்டு போவதில்லை. இதுதான் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு. நன்னனிடம் போகும் கூத்தர் நாங்கள் என்று சொன்னால் போதும், நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் வருகிறது. இடையர் பால் தருகிறார்கள். இன்னொரு குடியிருப்பில் அவரையும் புளியும் சேர்ந்த கூழ். இவ்வளவு உபசாரத்துக்கு நடுவில், அங்கேயே நாளைக் கடத்திவிடாமல் கிளம்புங்கள் என்றும் எச்சரிக்கிறார்! விருந்தாளிக்கு அளவு தெரிய வேண்டும் அல்லவா.

வழி தவறினால்? அகலமான பாறையில் எல்லோரும் கூடி நின்று வாத்தியங்களை முழக்குங்கள் என்கிறார். வெள்ளத்தில் சிக்கியவரின் குரல் கேட்டு ஓடிவருவது போலக் கானவர்கள் விரைந்து வருவார்களாம். தின்னப் பழம், சூடப் பூ எல்லாம் காட்டி, ஆபத்து நிறைந்த வழியில் அவர்களே முன்னால் நடப்பார்களாம்.

இந்த இடத்தில் எனக்குக் குரங்கணி நினைவு வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் நடக்கப் போன இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோது, மலையோர ஊர்களின் ஆட்களையே பயிற்சி தந்து வழிகாட்டிகளாக்கியது. கானவர் முன்னால் நடப்பது என்ற பழைய ஏற்பாடுதான் இது. அனுமதி வாங்குவதையும், வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதையும் தொல்லையாக நினைக்காதீர்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தார் இல்லை, மலையை ஆள்பவர்) அந்தப் பாட்டின் கானவர் வழியினர் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்லக்கூடாது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அந்த மக்களே சொல்லும் மரபு. அவர்கள் விளைவிக்கும் சாமையும் தினையும், எடுக்கும் தேனும் பாட்டை நினைவூட்டும், அவ்வளவுதான். காவலூர் வானாய்வகமும் அதே மலையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மலையிறங்கிக் காட்டுவழிக்கு வந்ததும் நடுகற்கள் வருகின்றன. போரில் பின்வாங்காமல் இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்கள். கும்பிட்டு, யாழ் வாசித்துவிட்டுப் போகச் சொல்கிறார். இது வெறும் கற்பனை இல்லை. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்து, தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்றே ஒரு நூல் வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, வட்டெழுத்து. வீரன் கருந்தேவக்கத்தி, அவன் பக்கத்தில் ஒரு நாய். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.

அதே காட்டுவழியில் கூத்தர் இன்னொரு வேலையும் சொல்கிறார். பாதை பிரியும் இடங்களில் நீங்கள் புதியவர்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களும் புதியவர்களாக இருக்கலாம். அதனால் சந்தியைத் துடைத்துச் சுத்தம் செய்து, போன வழி தெரியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். பாறையில் பெயிண்டில் பெயர் எழுதச் சொல்லவில்லை.