எரிமலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்

இக்காலக் கிரேக்கத்தில் எரிமலையைக் குறிக்கும் சொல் 'இஃபெஸ்தியோ' என்பதாம். தீக்கும் கொல்லுலைக்கும் உரிய கடவுளாகிய ஹெபைஸ்தோஸின் பெயரடியாக இது பிறந்தது. மேலை மொழிகள் பலவற்றில் வழங்கும் 'வல்கனோ' என்பதோ, உரோமரின் தீக்கடவுளாகிய வல்கன் பெயரினின்று, சிசிலிக்கு வடக்கேயுள்ள வல்கானோத் தீவின் வழியாக வந்தது. இவ்விரண்டும் ஒத்திருத்தல் கண்டு, பண்டைக் கிரேக்கரே எரிமலைக்கு இப்பெயரிட்டனர் எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது.

பண்டைக் கிரேக்கத்தில் 'ஹெபைஸ்தேயோன்' என்பது அக்கடவுளின் கோயிலையே குறித்தது. ஏதென்சில் இன்றும் நிற்கும் கோயில் அப்பெயர் உடையது. இக்கால வழக்கிலும் சொல்லழுத்தம் ஓரசை பின்தள்ளி ஒலிப்பின் கோயிலாகும், தள்ளாவிடின் எரிமலையாகும். பண்டை உரிச்சொல்லைக் கொண்டு, பிரெஞ்சுச் சொல்லுக்கு நேராகப் பிற்காலக் கற்றோர் அமைத்ததே இன்றைய பெயர்.

பொதுப்பெயர் நிலைபெறாமையின் பண்டையோர் எரிமலையை அறியார் என்று கொள்ளற்க. கி. மு. 425-இல் எட்னா மலையினின்று தீ வழிந்தமையைத் துசிடிடீஸ் குறிக்கின்றார். அதற்கு அவர் ஆண்ட சொல் 'ருவாக்ஸ்', அஃதாவது ஓடை. மலையின் வாய்க்கு வழங்கிய 'கிராத்தேர்', மதுவும் நீரும் கலக்கும் கலத்தின் பெயர். இன்றைய வல்கானோவைக் கிரேக்கர் 'ஹியெரா', அஃதாவது திருத்தீவு, என்றனர். இரவில் தீயும் பகலில் புகையும் தோன்றுதலின், ஆங்கு ஹெபைஸ்தோஸ் உலைத்தொழில் செய்வதாக அந்நாட்டார் நம்பினர் என்பதும் துசிடிடீஸ் உரையே. தாம் நம்பியதாகக் கூறாது அந்நாட்டார்மேல் வைத்துக் கூறிய நுண்மை போற்றத்தக்கது.

அவ்வாறாயின் அக்கடவுள் எரிமலையினின்றே தோன்றினானோ எனின், இலியதம் அதற்கு இடந்தரவில்லை. அந்நூலில் அவன் உலைக்களம் ஒலிம்பஸில் உள்ளது. அவன் வீழ்ந்ததாகக் கூறும் லெம்னோஸ் தீவின் எரிமலைப் பாறைகளோ ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை. எனவே கொல்லன் முன்னவன், மலை பின்னது என்பதே எம் கருத்து. அவன் பெயர்க்கும் கிரேக்க வேர் தெளிவாகக் கிடைத்திலது. கிரேக்கர்க்கு முந்தையோர் மொழியினது என்பர் ஆராய்ச்சியாளர் பலர். கிரீட்டுத் தீவின் கினோசஸ் நகரிற் கிடைத்த களிமண் ஏடொன்றில் 'அ-ப-இ-தி-யோ' என்னும் ஆட்பெயர் உளது. அஃது இக்கடவுட்பெயரின் வழியதாயின், அப்பெயரின் தொன்மை ஹோமருக்கும் முற்பட்டதாகும்.

நம் 'எரிமலை' வினைத்தொகை. கடவுளை வேண்டாது முக்காலத்தையும் தன்னுள் அடக்கியது. சாந்தோரினித் தீவினர், 1950-இல் இறுதியாகக் கனன்ற தம் மலையை, அக்கொல்லன் பெயராலேயே வழங்குகின்றனர்.