ஓர் ஆசானின் இரு மாணாக்கர்

குரோம்பேட்டையில் ரயிலை விட்டிறங்கிக் கிழக்கே சென்றால் அஸ்தினாபுரம் வரும். அங்கே சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறார், வேலூரில் என்னுடன் ஒரே பாயில் அமர்ந்து கிதாபு ஓதிய நண்பர். சனது பெற்றபின் நான் ஒரு கல்லூரியில் அரபுமொழி கற்பிக்கச் சென்றேன். அவர் பள்ளிவாசலை விட்டு அகலவில்லை. “ஓதியதை விலைக்கு விற்றுவிட்டீர்” என்று அன்று அவர் சொன்ன சொல்லும், அதற்கு நான் இறுத்த கடுமொழியும் எங்களை முப்பது ஆண்டுகள் பிரித்துவைத்தன. எங்கள் உஸ்தாதின் மறைவுச் செய்தியே மீண்டும் எங்களைச் சேர்த்தது.

அவரைக் காணச் செல்லும் வழியெல்லாம் அவ்வூரின் பெயரே என் நினைவை வடக்கே இழுத்தது. பாரதக் கதை கூறும் அஸ்தினாபுரம் உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்தில் உள்ளது. கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட அந்தச் செழும்பரப்பில்தான் நானோத்தா, கங்கோஹ், தேவ்பந்த் முதலிய ஊர்களும் இருக்கின்றன. ஒருசாலை மாணாக்கராகிய இரு பெரியார்களை உலகுக்கு அளித்த மண் அது. ஒருவர் மெளலானா முஹம்மது காஸிம் நானோத்தவி (ரஹ்). மற்றவர் மெளலானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி (ரஹ்).

தில்லிக் கல்லூரியில் அரபுத்துறைத் தலைமை ஆசிரியராக விளங்கிய மெளலானா மம்லூக் அலீ அவர்கள், கல்லூரியில் மட்டுமின்றித் தம் இல்லத்திலும் பாடம் நடத்தினார்கள். 1840-களில் இவ்விருவரும் அவர்களிடம் பயின்றனர். பின்னர் ஷாஹ் அப்துல் கனீ முஜத்திதி அவர்களிடம் ஹதீஸ் ஓதினர். ஹாஜி இம்தாதுல்லாஹ் அவர்களின் கரம் பற்றி முரீதுகளாயினர். ஆசான் ஒருவர், ஆன்ம வழிகாட்டியும் ஒருவர். ஆயினும் இயல்பால் இருவரும் இரு துருவங்கள்.

நானோத்தவி அவர்கள் அச்சகங்களில் பிழைதிருத்தி அவ்வூதியத்தில் எளிய வாழ்வு நடத்தியவர்கள். ஸஹீஹ் புகாரியின் இறுதிப் பகுதிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதியதும், மீரட் நகரில் பல்லாண்டு பணியாற்றியதும் அவ்வகையில்தான். 1876, 1877 ஆகிய ஆண்டுகளில் ஷாஜஹான்பூரை அடுத்த சாந்தாபூரில் பாதிரிமாரும் பண்டிதர்களும் கூடிய விவாத மேடைகளில் ஏறி இஸ்லாத்தை அறிவுவழியில் நிலைநாட்டினார்கள். கங்கோஹி அவர்களோ தம் ஊரிலேயே அமர்ந்து, ஸிஹாஹ் ஸித்தா எனும் ஆறு ஹதீஸ் நூல்களையும் தாம் ஒருவராகவே போதித்தவர்கள். தத்துவக் கல்வியில் அவர்களுக்கு நாட்டமில்லை. ஒருவர் கடைவீதிக்குச் சென்று அழைத்தார். மற்றவர் வாயிற்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

1857-ஆம் ஆண்டின் புயல் அந்தக் கூட்டைக் கலைத்தது. ஹாஜி இம்தாதுல்லாஹ் மக்காவுக்கும், ஷாஹ் அப்துல் கனீ மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தனர். கங்கோஹி அவர்கள் கைதாகி ஆறு திங்கள் சிறையிருந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுதலை பெற்றார்கள். நானோத்தவி அவர்கள் ஊர் ஊராகத் தலைமறைந்து திரிந்தார்கள். அத்தகைய இருளில்தான் 1866-ஆம் ஆண்டு மே மாதம், தேவ்பந்தின் சத்தா பள்ளிவாசலில் ஒரு மாதுளை மரத்தடியில் மதரஸா பிறந்தது. அரசின் பொருளை நாடாமல் பொதுமக்களின் சிறுகொடையை நம்பி நிற்க வேண்டும் என நெறி வகுத்தவர்கள் நானோத்தவி அவர்களே.

1877-இல் இரு நண்பர்களும் ஒரே குழுவாக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டனர். மக்காவில் தம் வழிகாட்டியையும், மதீனாவில் தம் ஹதீஸ் ஆசானையும் கண்டனர். தில்லியில் சிதறிய பாடசாலை இரு புனித நகர்களில் மீண்டும் கூடிற்று என்றே சொல்லலாம்! திரும்பும் வழியில் நோயுற்ற நானோத்தவி அவர்கள் பின்னர் முழுநலம் பெறவேயில்லை; 1880 ஏப்ரல் 15-இல் இறையடி சேர்ந்தார்கள்.

உண்மையான நட்பு அதன் பின்னரே வெளிப்பட்டது. தாம் நிறுவாத, தாம் பாடம் நடத்தாத அந்த மதரஸாவின் காவலர் பொறுப்பைக் கங்கோஹி அவர்கள் ஏற்றார்கள். 1905-இல் மறையும் வரை நண்பரின் அமானிதத்தைப் பேணினார்கள். தேவ்பந்தில் ஓதிய நம் தமிழக ஆலிம்கள் தம் பெயருடன் ‘காஸிமி’ எனச் சேர்த்துக் கொள்கின்றனரே, அப்பெயர் நிலைத்ததில் கங்கோஹி அவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

அஸ்தினாபுரத்து நண்பரின் இல்லத்தில் நாங்கள் பழைய வழக்கைப் பேசவில்லை. பேச்சினூடே ஒன்று தெரியவந்தது: கல்லூரியில் என்னிடம் அரபு பயிலும் மாணவர் ஒருவர் ‘அலிஃப்’ கற்றது இவரிடம்தான். அவர் தொடங்கியதை நான் தொடர்ந்துகொண்டிருந்தேன், இருவருமே அறியோம்.

மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது. “நீங்கள் தொழவையுங்கள்” என்றார். நான் மறுத்து அவரை முன்னிறுத்தினேன். தொழுகை முடிந்து, எங்கள் உஸ்தாதுக்காக இருவரும் ஒருசேரக் கையேந்தினோம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏந்தியிருக்க வேண்டிய கைகள் அவை.